கன்ட்ரோலர் சேர்ந்தாச்சு, கேம் ஏன் கேட்க மாட்டேங்குது?

"சித்தி, கனெக்ட் ஆயிருச்சு. ஆனா கேம்ல ஒண்ணுமே நகரலை."

பள்ளி விடுமுறை தொடங்கியதும் என் வாட்ஸ்அப்பில் வந்து விழும் குரல் செய்திகளில் இந்த ரகம்தான் அதிகம். அக்கா பிள்ளைகள், அவர்களுடைய கூட்டாளிகள், எங்கள் புளோக்கில் நாலாவது மாடிப் பையன் என்று ஆள் மாறும், வாக்கியம் மாறாது. நான் பிழைப்புக்குச் செய்வதும் அலுவலக ஹெல்ப் டெஸ்க் வேலைதான். "பிரின்டர் வரலை" என்று ஒருவர் போன் செய்தால், "எது வரலை, பிரின்டரா, பேப்பரா?" என்று திருப்பிக் கேட்டுப் பழகிய வாய். கன்ட்ரோலர் விஷயத்திலும் அப்படிப் பிரித்துக் கேட்டால்தான் வழி தெரியும்.

ஏனென்றால் இதில் வேலை இரண்டு. கன்ட்ரோலரும் கணினியும் கம்பியில்லாமல் ஒன்றையொன்று பிடித்துக்கொள்வது ஒரு வேலை. கன்ட்ரோலர் அனுப்புவதை கேம் புரிந்துகொள்வது இன்னொரு வேலை. முதல் வேலை முடிந்ததும் விண்டோஸ் 'கனெக்டட்' என்று காட்டிவிடும். கேமுக்கு அது தெரிந்ததா என்பது விண்டோஸின் கவலை கிடையாது. இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பவர்கள், ஒழுங்காகச் சேர்ந்திருக்கும் கன்ட்ரோலரை நீக்கி, சேர்த்து, மறுபடி நீக்கி, கடைசியில் யூஎஸ்பி துளையில் செருகும் புளூடூத் டாங்கிள் ஒன்றைக் காசு கொடுத்து வாங்கி வருவார்கள். பழுது இருந்ததோ கேமின் செட்டிங்கில்.

கையில் இருப்பது எது?

பிளேஸ்டேஷன் கன்ட்ரோலர் என்றால் யோசிக்க ஒன்றுமில்லை. 2013இல் வந்த டுவல்ஷாக் 4, 2020இல் வந்த டுவல்சென்ஸ் இரண்டிலும் புளூடூத் உண்டு. அதற்கு முந்திய டுவல்ஷாக் 3 மட்டும் வழக்கமான முறையில் சேராது. தனி டிரைவர் மென்பொருள் வேண்டும். அதற்காக ஒரு சனிக்கிழமையை வீணாக்காதீர்கள் என்பது என் கருத்து. நின்டெண்டோ ஸ்விட்ச் புரோ கன்ட்ரோலரும் சேரும்.

சிக்கல் எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலரில்தான். பார்க்க எல்லாம் அண்ணன் தம்பி மாதிரியே இருக்கும், ஆனால் சிலவற்றில் புளூடூத் கிடையாது. நம் சிங்கப்பூரில் பழைய கன்ட்ரோலர் வாங்குவது எப்படி என்று உங்களுக்கே தெரியும். செயலியில் படம் பார்த்து, விலை பேசி, எம்ஆர்டி நிலையத்தில் டிக்கெட் கதவுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நின்று கைமாற்றிக்கொள்வோம். விற்பவர் அவசரத்தில் இருப்பார். விளம்பரத்தில் 'வயர்லெஸ்' என்று போட்டிருப்பார், அது பொய்யும் அல்ல. எக்ஸ்பாக்ஸ் பெட்டியோடு அது வயர்லெஸ்தான். உங்கள் கணினியோடு சேருமா என்பதுதான் கேள்வி.

அங்கே நின்றபடியே பார்க்க வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. நடுவில் எக்ஸ்பாக்ஸ் சின்னம் போட்ட வட்டப் பட்டன் இருக்கிறதல்லவா, அதைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக்கைப் பாருங்கள். அது கன்ட்ரோலரின் முகப்போடு ஒரே துண்டாக, ஒரே நிறத்தில் ஓடினால் புளூடூத் உண்டு. மேலே உள்ள பம்பர் பட்டன்களோடு சேர்ந்த தனித் துண்டாக, முகப்பில் ஒரு கோடு பிரித்துக் காட்டினால் இல்லை. ஹெட்போன் துளை இருக்கிறதே என்று ஏமாற வேண்டாம். 2015இல் வந்த மாடலில் துளை உண்டு, புளூடூத் கிடையாது. இன்னும் சந்தேகம் என்றால் பேட்டரி மூடியைக் கழற்றி உள்ளே மாடல் எண்ணைப் படியுங்கள். 1537, 1697 என்றால் புளூடூத் இல்லை. 1708, 1914 என்றால் உண்டு. 1708 என்பது 2016இல் எக்ஸ்பாக்ஸ் ஒன் எஸ் பெட்டியோடு வந்தது. 1914 என்பது 2020இல் வந்தது; நடுவில் ஷேர் பட்டனும் தலையில் யூஎஸ்பி-சி துளையும் இருக்கும். மூடியைத் திறந்த கையோடு ஸ்பிரிங்குகளில் பச்சையோ வெள்ளையோ பூத்திருக்கிறதா என்றும் பாருங்கள். பேட்டரி கசிந்து ஆறிய அடையாளம் அது.

இதைவிட நல்ல சோதனை, உங்கள் கைப்பேசியில் அங்கேயே சேர்த்துப் பார்ப்பது. ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டும் இந்த கன்ட்ரோலர்களை ஏற்கும். போனோடு சேர்ந்துவிட்டால் கன்ட்ரோலர் பக்கம் குறை இல்லை என்று ஆகிவிடும். வீட்டுக்குப் போய்க் கணினியில் சேரவில்லை என்றாலும் விற்றவரைத் திட்ட வேண்டியதில்லை.

புளூடூத் இல்லாத எக்ஸ்பாக்ஸ் ஒன் கன்ட்ரோலரை ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களா? தூக்கி எறிய வேண்டாம். மைக்ரோசாஃப்ட்டின் எக்ஸ்பாக்ஸ் வயர்லெஸ் அடாப்டர் என்ற சின்ன யூஎஸ்பி கருவி அதற்கென்றே இருக்கிறது. கேபிள் போட்டாலும் ஓடும். கம்பியில்லா எக்ஸ்பாக்ஸ் 360 கன்ட்ரோலர் வேறு கதை: அதற்குத் தனி ரிசீவர் வேண்டும். அதற்கென்று விற்ற சார்ஜிங் கேபிள் மின்சாரத்தை மட்டும் கொண்டுவரும், பட்டன் செய்தியைக் கொண்டுவராது.

கணினி பக்கம்

மடிக்கணினிகளில் பெரும்பாலும் புளூடூத் உள்ளேயே இருக்கும். சிம் லிம் ஸ்குவேரில் பாகம் பாகமாக வாங்கிப் பூட்டிய மேசைக் கணினி என்றால் பின்பக்கம் போய்ப் பாருங்கள். மதர்போர்டில் வைஃபை இருந்தால் பொன்னிறத்தில் இரண்டு திருகுமுனைகள் நீட்டிக்கொண்டிருக்கும். அவை வெறுமையாக இருக்கின்றனவா? அப்படியானால் ஆன்டெனா இன்னும் மதர்போர்டு பெட்டிக்குள் பிளாஸ்டிக் உறையில் தூங்குகிறது. இணையத்துக்கு லேன் கேபிள் போட்டிருப்பதால் அது எதற்கு என்று விட்டிருப்பார்கள். புளூடூத்துக்கும் அதே ஆன்டெனாதான். அது இல்லாமல் கன்ட்ரோலரைப் பெட்டியின் முதுகில் ஒட்டிப் பிடித்தால் வேலை செய்யும், நாற்காலியில் சாய்ந்தால் அறுந்துபோகும். திருகி மாட்டினால் தீர்ந்தது.

புளூடூத்தே இல்லை என்றால் யூஎஸ்பி டாங்கிள் வாங்க வேண்டும். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: கணினிக்குள் ஏற்கெனவே ஒரு புளூடூத் இருந்து, கூடவே டாங்கிளும் செருகினால் இரண்டும் முட்டிக்கொள்ளும். டிவைஸ் மேனேஜரில் பழையதை முடக்கிவிடுங்கள்.

உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகள் எடுசேவ் (அரசு தரும் கல்விச் சேமிப்பு) பணத்தில் வாங்கிய பள்ளி மடிக்கணினியை இதற்குக் கொண்டுவராதீர்கள். அதில் பள்ளியின் நிர்வாகச் செயலி உட்கார்ந்திருக்கும். நீங்கள் நிறுவ நினைப்பதை அது விடாது. விட்டாலும் ஆசிரியருக்குப் பதில் சொல்லப் போவது நான் இல்லை.

சேர்க்கும் முறை

விண்டோஸ் 11இல் செட்டிங்ஸ், அதில் 'புளூடூத் அண்ட் டிவைசஸ்', அதில் 'ஆட் டிவைஸ்', வரும் பெட்டியில் முதல் வரியான 'புளூடூத்'. திரையை அப்படியே விட்டுவிட்டு இப்போது கன்ட்ரோலரைக் கையில் எடுங்கள்.

எக்ஸ்பாக்ஸ்: நடுப் பட்டனை அழுத்தி உயிர் கொடுத்துவிட்டு, தலைப்பகுதியில் யூஎஸ்பி துளைக்குப் பக்கத்தில் உள்ள சின்னப் பட்டனை மூன்று விநாடி அழுத்திப் பிடியுங்கள். சின்னம் வேகமாகச் சிமிட்ட ஆரம்பிக்கும்.

டுவல்ஷாக் 4: அணைந்திருக்கும் நிலையில் ஷேர் பட்டனையும் பிஎஸ் பட்டனையும் ஒரே சமயத்தில் அழுத்திப் பிடியுங்கள். முகப்பு விளக்கு இரண்டிரண்டாக வெள்ளையில் சிமிட்டும். பட்டியலில் இதன் பெயர் வெறும் 'வயர்லெஸ் கன்ட்ரோலர்' என்றுதான் வரும். சோனி என்று தேடிக்கொண்டு உட்காராதீர்கள். டுவல்சென்ஸில் ஷேருக்குப் பதில் கிரியேட் பட்டன், தொடுபலகையின் இடப்பக்கம் இருக்கும். விளக்கு நீலத்தில் சிமிட்டும்.

ஸ்விட்ச் புரோ: சார்ஜ் துளைக்குப் பக்கத்தில் உள்ள சின்ன வட்டப் பட்டன். அழுத்திப் பிடித்தால் கீழே உள்ள நாலு விளக்குகளும் ஓட ஆரம்பிக்கும். விண்டோஸில் சேர்ந்த பிறகும் அவை ஓடிக்கொண்டே இருக்கலாம், அது குறை அல்ல. 'நீ இரண்டாவது ஆட்டக்காரர்' என்று எண் கொடுக்க அங்கே ஸ்விட்ச் பெட்டி இல்லை, அவ்வளவுதான்.

சிமிட்டும்போது பட்டியலில் பெயர் வரும், தொட்டால் சேரும். பெயரே வரவில்லை என்றால் 'புளூடூத் அண்ட் டிவைசஸ்' பக்கத்தில் 'டிவைசஸ்' உள்ளே போய் 'புளூடூத் டிவைசஸ் டிஸ்கவரி' என்பதை 'அட்வான்ஸ்ட்' என்று மாற்றுங்கள். விண்டோஸ் 11 சில கருவிகளைத் தானாகவே மறைத்து வைக்கிறது; இதை மாற்றினால் எல்லாவற்றையும் காட்டும்.

பிளேஸ்டேஷன் வீட்டிலேயே இருந்தால் ஒரு சின்ன நாடகம் நடக்கும். பையன் அறைக்குள் பிஎஸ் பட்டனை மட்டும் அழுத்துவான். கன்ட்ரோலர் பழைய எஜமானைத் தேடிப் போய், ஹாலில் தூங்கிக்கொண்டிருக்கும் பிளேஸ்டேஷனை எழுப்பும். அது ஹெச்டிஎம்ஐ வழியாக டிவியையும் தன் பக்கம் திருப்பிக்கொள்ளும். வசந்தம் டிவியில் செய்தி பார்த்துக்கொண்டிருந்த தாத்தா, "யாருடா ரிமோட்ட அழுத்துனது?" என்பார். ஆகவே சேர்க்கும் நேரத்தில் பிளேஸ்டேஷனின் பிளக்கை முழுதாக அணைத்துவிடுங்கள். பிஎஸ் பட்டனைத் தனியாகத் தொடாமல் இரண்டையும் சேர்த்தே பிடியுங்கள். அப்படியும் அடம்பிடித்தால் முதுகுப் பக்கம், டுவல்சென்ஸில் சோனி எழுத்துக்கு அருகிலும் டுவல்ஷாக் 4இல் எல்2 பட்டனுக்கு அருகிலும், ஊசி நுழையும் அளவு துளை ஒன்று இருக்கும். சிம் கார்டு ஊசியால் ஐந்து விநாடி அழுத்தினால் பழைய தொடர்பையெல்லாம் மறந்துவிடும்.

நடுவில் ஒரு சோதனை

இதைத்தான் எல்லோரும் தாண்டிப் போய்விடுகிறார்கள், என்னிடம் போன் வருவதும் இதனால்தான். சேர்ந்ததும் கேமைத் திறக்காதீர்கள். விண்டோஸ் பட்டனோடு ஆங்கில ஆர் எழுத்தை அழுத்துங்கள். வரும் சின்னப் பெட்டியில் ஜே, ஓ, ஒய், ஒரு புள்ளி, சி, பி, எல் என்று தட்டி என்டர் கொடுங்கள். விண்டோஸில் பல காலமாக இருக்கும் சோதனைப் பக்கம் திறக்கும். உங்கள் கன்ட்ரோலரைத் தேர்ந்து 'பிராப்பர்ட்டீஸ்' அழுத்தினால் ஒரு சதுரத்துக்குள் சிலுவைக்குறி, பக்கத்தில் சிவப்பு வட்டங்கள். குச்சியை ஆட்டினால் சிலுவை நகர வேண்டும், பட்டனை அழுத்தினால் வட்டம் ஒளிர வேண்டும்.

நகர்ந்ததா? முதல் வேலை முடிந்தது. இனி புளூடூத் பக்கமே போக வேண்டாம், எது தவறினாலும் அது மென்பொருள் வேலை. நகரவில்லையா? கேமைக் குறை சொல்லிப் பயனில்லை. நீக்கிவிட்டு மறுபடி சேருங்கள். குச்சியைத் தொடாமலே சிலுவை ஒரு மூலைக்குச் சாய்ந்து நிற்கிறது என்றால் குச்சி தேய்ந்துவிட்டது. பழைய கன்ட்ரோலர் வாங்கிய அன்றே இதைப் பார்த்துவிடுவது நல்லது.

கேமுக்குப் புரிய வைப்பது

எக்ஸ்பாக்ஸ் 360 வந்த 2005இல் மைக்ரோசாஃப்ட் எக்ஸ்இன்புட் என்ற முறையைக் கொண்டுவந்தது. அதற்குப் பின் வந்த விண்டோஸ் கேம்களில் பெரும்பாலானவை அந்த முறையைத்தான் எதிர்பார்க்கின்றன. எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலர் அந்த முறையிலேயே பேசுவதால் சேர்ந்த நிமிடமே ஓடும். பிளேஸ்டேஷன், ஸ்விட்ச் கன்ட்ரோலர்கள் வேறு முறையில் பேசுபவை. விண்டோஸுக்குப் புரியும், பல கேம்களுக்குப் புரியாது. "கனெக்ட் ஆயிருச்சு, ஆனா நகரலை" என்பதன் விளக்கம் முழுக்க இதுதான்.

நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளர் வேண்டும். கேம் வாங்கி விளையாடும் ஸ்டீம் செயலியை வைத்திருப்பவர்களுக்கு அது இலவசமாகவே கிடைக்கிறது. ஸ்டீமின் செட்டிங்ஸில் 'கன்ட்ரோலர்' பக்கம் போய்ப் பிளேஸ்டேஷனுக்கோ ஸ்விட்ச்சுக்கோ ஸ்டீம் இன்புட்டை இயக்குங்கள். ஒரு கேமில் மட்டும் தகராறு என்றால் நூலகத்தில் அந்த கேமின் மேல் வலது கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸ், கன்ட்ரோலர் என்று போய் அதற்கு மட்டும் இயக்கவோ அணைக்கவோ செய்யலாம். வேறு கடையில் வாங்கிய கேமையும் 'ஆட் எ நான்-ஸ்டீம் கேம்' வழியாக ஸ்டீமுக்குள் கொண்டுவந்து அங்கிருந்தே திறந்தால் பெரும்பாலும் ஓடிவிடும். ஸ்விட்ச் கன்ட்ரோலரில் ஏ, பி பட்டன்கள் எக்ஸ்பாக்ஸுக்கு நேர்மாறான இடத்தில் இருக்கும். நின்டெண்டோ பட்டன் அமைப்பு என்ற தேர்வை இயக்கினால் கையில் அச்சிட்டிருக்கும் எழுத்தும் திரையில் நடப்பதும் ஒத்துப்போகும்.

ஸ்டீம் வேண்டாம் என்பவர்கள் டிஎஸ்4விண்டோஸ் என்ற இலவச மென்பொருளைப் பயன்படுத்துகிறார்கள். பெயரில் 4 இருந்தாலும் டுவல்சென்ஸுக்கும் ஓடும். அதையும் ஸ்டீம் இன்புட்டையும் ஒரே நேரத்தில் ஓட விடக் கூடாது. விட்டால் ஒரு தடவை அழுத்தியது இரண்டு தடவையாகப் போய் மெனுவில் ஒரு வரிக்குப் பதில் இரண்டு வரி தாவும். அந்தத் தாவலைப் பார்த்தாலே எங்கே கோளாறு என்று சொல்லிவிடலாம்.

டுவல்சென்ஸ் வாங்கியவர்கள் இன்னொன்றும் கேட்பார்கள்: "டிரிகர் இறுகவே இல்லையே?" கணினி கேம்கள் பலவற்றில் அந்த இறுக்கமும் நுண்ணிய அதிர்வும் கேபிள் போட்டால்தான் வரும். கார்ப் பந்தயப் பிரியர்களுக்கு ஸ்விட்ச் புரோவை நான் சொல்லவே மாட்டேன். அதன் பின்பக்க டிரிகர்கள் 'அழுத்தியது', 'அழுத்தாதது' என்ற இரண்டே நிலை அறிந்தவை. ஆக்சிலரேட்டரைப் பாதி அழுத்துவது என்பது அதில் கிடையாது.

சேர்ந்து, ஓடி, அப்புறம் திக்கினால்

கழக அடுக்குமாடி வீட்டில் உட்கார்ந்து வைஃபை பட்டியலைத் திறந்து பாருங்கள். மேல்வீடு, கீழ்வீடு, எதிர்வீடு என்று பெயர்கள் இறங்கிக்கொண்டே போகும். அவற்றில் பல புளூடூத் ஓடும் அதே 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் நெரிசலாக நிற்கின்றன. அக்கம்பக்கத்தை நாம் மாற்ற முடியாது. நம் மடிக்கணினியை ரவுட்டரின் 5 கிகாஹெர்ட்ஸ் பக்கத்துக்கு மாற்றலாம். டாங்கிள் வைத்திருப்பவர்கள் அதை எந்தத் துளையில் செருகியிருக்கிறார்கள் என்பதும் முக்கியம். யூஎஸ்பி 3.0 துளைகளும் கேபிள்களும் இதே அலைவரிசையில் இரைச்சல் கிளப்புகின்றன. இன்டெல் நிறுவனமே 2012இல் இதை விளக்கி எழுதியிருக்கிறது. வெளி ஹார்ட் டிஸ்க்கும் டாங்கிளும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் டாங்கிள்தான் சிக்னலைப் பறிகொடுக்கும். அரை மீட்டர் யூஎஸ்பி நீட்டிப்புக் கேபிள் வாங்கி டாங்கிளை மேசை மேல், கண்ணுக்குத் தெரியும் இடத்தில் வையுங்கள். சில வெள்ளிச் செலவுதான், ஆனால் நான் பார்த்த திக்கல்களில் பெரும்பகுதி இதோடு நின்றிருக்கிறது. கூடவே புளூடூத் ஹெட்செட்டும் ஓடுகிறது என்றால் ஒரே புளூடூத் இரண்டையும் சுமக்கிறது. ஹெட்செட்டைக் கம்பிக்கு மாற்றிப் பாருங்கள்.

எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலர் அடிக்கடி அறுந்தால் மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் எக்ஸ்பாக்ஸ் ஆக்சசரீஸ் செயலியை இறக்கி, கேபிள் போட்டு, கன்ட்ரோலரின் உள்மென்பொருளைப் புதுப்பியுங்கள். கேபிள் போட்டும் கணினி அசையவில்லை என்றால் கேபிளை மாற்றுங்கள். பவர் பேங்க்கோடு வந்த கேபிள்களில் சார்ஜ் மட்டும் செய்பவை நிறைய. பேட்டரி ஏறும், தகவல் போகாது.

ஆப்பிள் கணினிக்காரர்களுக்கு இவ்வளவு கதை இல்லை. 2019இல் வந்த மேக்ஓஎஸ் கேட்டலினாவிலிருந்து டுவல்ஷாக் 4உம் புளூடூத் எக்ஸ்பாக்ஸும் சேரும், மேக்ஓஎஸ் 11.3இலிருந்து டுவல்சென்ஸும் சேரும். சேர்க்கும் பட்டன்கள் மேலே சொன்னவையேதான்.

விளையாடி முடித்ததும் கன்ட்ரோலரை அணைக்க மறக்காதீர்கள். எக்ஸ்பாக்ஸில் நடுப் பட்டனை ஆறு விநாடி, டுவல்சென்ஸில் பிஎஸ் பட்டனைப் பத்து விநாடி பிடிக்க வேண்டும். மறுநாள் அதையே பழைய பெட்டியில் பயன்படுத்த, 1914 எக்ஸ்பாக்ஸில் தலைப்பகுதிச் சின்னப் பட்டனை டக் டக்கென்று இரண்டு தடவை தட்டினால் பெட்டிக்கும் கணினிக்கும் மாறி மாறிப் போகும். பிளேஸ்டேஷன் கன்ட்ரோலரை யூஎஸ்பி கேபிளால் பிளேஸ்டேஷனோடு செருகி, பிஎஸ் பட்டனை ஒரு முறை அழுத்துங்கள். விளக்கு எரிந்ததும் கேபிளைக் கழற்றிவிடலாம்.